தம்பியின் நெஞ்சும் ஒரு மூங்கில் வாரையும்

ஆவணி 3, திங்கள்

என் பெயர் கலியபெருமாள். இதை நானே எழுதினேன்.

ஆவணி 4, செவ்வாய்

நேற்று எழுதிய வரியை இன்று எடுத்துப் படித்தேன். அப்படியே இருக்கிறது! நான் தூங்கினேன், எழுந்தேன், குளித்தேன். அது மட்டும் நகராமல் இங்கேயே இருந்திருக்கிறது. என் மனைவி தையல்நாயகியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவளுக்கு முன்பே படிக்க வரும்.

"ஒங்க பேருதான? அது எனக்கே தெரியுமே" என்று சொல்லிவிட்டு அரிசி களையப் போய்விட்டாள்.

மாலை வகுப்பு நடத்தும் எஸ்தர் டீச்சர் தினமும் ஏதாவது எழுதச் சொல்லியிருக்கிறார். அறுபத்தொன்பது வயதில் எனக்கு வீட்டுப்பாடம்.

ஆவணி 7, வெள்ளி

இன்று தம்பியைப் பற்றி எழுதுகிறேன். அவன் பெயர் மதியழகன். என்னைவிடப் பதினேழு வயது சின்னவன். அப்பா அம்மா போன பிறகு எங்களோடுதான் இருக்கிறான். இருபது வயதில் ஐ.டி.ஐ. படித்துக்கொண்டிருந்தபோது, ஆள் இல்லாத இடத்திலிருந்து அவனுக்குக் குரல்கள் கேட்க ஆரம்பித்தன. அந்த வியாதிக்கு ஸ்கிசோஃப்ரினியா என்று பெயர். அதை அவனே ஒரு தாளில் எழுதிக் காட்டினான். நான் பார்த்து எழுதினேன். முடிப்பதற்குள் வெயில் வாசலிலிருந்து கூடத்துக்கு வந்துவிட்டது.

"வியாதி வர்றதுக்குக்கூட எனக்கு இவ்வளவு நேரம் ஆவலண்ணே" என்றான்.

ராத்திரி மாத்திரை போட்டால் குரல்கள் தூரத்துக்குப் போய்விடும். ஆனால் பசி கூடும். உடம்பு ஊதும். வருடா வருடம் ஊதிக்கொண்டே வந்தது. பைத்தியம் தெளிந்தால் போதும் என்று நாங்களும் உடம்பைக் கவனிக்கவில்லை.

இன்று ஆஸ்பத்திரியில் மாத்திரை வாங்கும் நாள். ஆட்டோவில், தலையில் துண்டைப் போட்டு முகத்தை மூடிக்கொண்டு வந்தான். டாக்டர் பர்வீன் என்று ஒரு அம்மா புதிதாக வந்திருக்கிறார். மனநல டாக்டர்தான். ஆனால் மேஜையிலிருந்து தையல்காரர் மாதிரி ஒரு டேப்பை எடுத்து மதியின் இடுப்பை அளந்தார்!

"பேண்டு தைக்கப் போறீங்களா டாக்டர்?" என்றான் மதி.

"தைக்கலாம். இந்த இடுப்புக்குத் துணி கெடைக்கணுமே" என்றார் அந்த அம்மா. மதி சிரித்தான். ஆஸ்பத்திரியில் அவன் சிரித்து நான் பார்த்ததில்லை.

எனக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. முப்பது வருடமாக எல்லோரும் என் தம்பியின் தலையைத்தான் பார்த்தார்கள். கழுத்துக்குக் கீழே அவனுக்கு ஒரு உடம்பு இருக்கிறது என்று கண்டுபிடித்தவர் இவர்தான்.

ஆவணி 10, திங்கள்

வெள்ளிக்கிழமை எடுத்த ரத்தத்தின் முடிவு வந்தது. சர்க்கரை இருக்கிறது. ரத்தத்தில் கொழுப்பு இருக்கிறது. அழுத்தமும் இருக்கிறது. பீடி வேறு.

டாக்டர் என்னைத் தனியாக உட்கார வைத்துச் சொன்னார். "பெரியவரே, என்கிட்ட வர்றவங்கள்ல நெறைய பேரு சீக்கிரமே போயிடுறாங்க. மனசு வியாதியால இல்ல, நெஞ்சு வியாதியால. அவங்க நெஞ்ச யாரும் பாக்கறதில்ல. இப்படியே விட்டா ஒங்க தம்பிக்கும் மாரடைப்பு வரும்."

"அப்ப மாத்திரைய நிறுத்திடலாமாம்மா?"

"அதத்தான் செய்யக் கூடாது. மாத்திரை இருக்கட்டும். நடை சேரட்டும். தெனமும், லேசா மூச்சு வாங்கற மாதிரி நடக்கணும். பீடிய விடணும்."

சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன். மதியோ ஆஸ்பத்திரி நாள் தவிர வாசலைத் தாண்டுவதில்லை. ஏன் என்று எனக்குத் தெரியும். ஒரு தடவை சொல்லியிருக்கிறான். தெருவில் எதிரே வரும் ஒவ்வொரு முகமும் வாயைத் திறக்காமலே அவனிடம் ஏதோ சொல்லிவிட்டுப் போகிறதாம். நல்லதாக எதுவும் சொல்வதில்லையாம்.

ஆவணி 11, செவ்வாய்

வாசல்வரை வந்தான். எதிர்வீட்டுக்காரர் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார். திரும்பி உள்ளே போய்விட்டான்.

ஆவணி 12, புதன்

இன்று வாசல்வரைகூட வரவில்லை. 'ண' எழுதப் பழகினேன். எத்தனை சுழி!

ஆவணி 15, சனி

வீட்டில் அப்பளம் நின்றது. வடகம் நின்றது. எண்ணெய் சட்டியைப் பரணில் ஏற்றிவிட்டாள் தையல்நாயகி. நெஞ்சு மதியுடையது, பத்தியம் எனக்கும்.

"அண்ணி, இந்தக் கீரையே என்னைய கொன்னுரும் போலருக்கு" என்றான் மதி.

"கீர தின்னு செத்தவன் எவனும் இல்ல. பேசாம சாப்புடு."

பீடியைப் பாதியாகக் குறைத்திருக்கிறான். குரல்கள் நெருங்கி வரும்போது பீடிதான் அவனுக்குத் துணையாம். துணையைப் பாதியாக்குவது சின்ன வேலை இல்லை. நான் வெற்றிலையை விட்டுப் பார்த்தேன். சாயங்காலம்வரை தாங்கவில்லை.

ஆவணி 20, வியாழன்

இன்று ஒரு யோசனை வந்தது. யோசனை சின்னது. அதைச் சொல்ல நிறைய எழுத வேண்டும். எழுதுகிறேன்.

நான் பெருமாள் கோயிலில் சீர்பாதக்காரனாக இருந்தவன். சாமி பல்லக்கைத் தோளில் சுமந்து நான்கு வீதியும் வருவது எங்கள் வேலை. பல்லக்கைத் தாங்கும் நீளமான மூங்கிலுக்கு வாரை என்று பெயர். வாரைக்குக் கீழே பின்னால் நிற்பவனுக்குத் தெரு தெரியாது, கூட்டம் தெரியாது. அவனுக்குத் தெரிவதெல்லாம் முன்னால் போகிறவனின் பின்கழுத்து மட்டும்தான். அதைப் பார்த்துக்கொண்டே அடி வைத்தால் போதும். மேடு, பள்ளம், மாடு, மனிதர், எல்லாவற்றையும் முன்னால் போகிறவன் பார்த்துக்கொள்வான்.

முன்னால் போகிறவன் திரும்பிப் பார்க்கக் கூடாது. திரும்பினால் வாரை ஆடும், சாமி ஆடும். அதனால் பின்னால் இருப்பவன் பேச மாட்டான், வாரையில் தட்டுவான். ஒரு தட்டு என்றால் தோள் மாற்று. இரண்டு தட்டு என்றால் இறக்கு. இரண்டு தட்டு விழுந்தால் நடு வீதியானாலும் இறக்கிவிட வேண்டும். ஏன் என்று கேட்கக் கூடாது. அந்தத் தோளின் வலி அந்தத் தோளுக்குத்தான் தெரியும்.

கொல்லையில் ஒரு பழைய மூங்கில் கிடக்கிறது. நாளைக்கு மதியிடம் கேட்கப் போகிறேன்.

ஆவணி 21, வெள்ளி

கேட்டேன்.

"மூஞ்சிய பாக்க வேணாம். என் கழுத்த மட்டும் பாரு. மிச்சத்த நான் பாத்துக்கறேன்."

"கழுத்து பேசாதா?"

"முப்பது வருஷம் எனக்கு முன்னால போன கழுத்து ஒண்ணுகூடப் பேசல."

யோசித்தான். விடிந்தும் விடியாத நேரத்தில் மூங்கிலைத் தூக்கினோம். நான் முன்னால், அவன் பின்னால். வாசல் தாண்டியது. எதிர்வீடு தாண்டியது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் வாரையில் அவன் இருந்தான். அடிக்கு அடி தோளில் தெரிந்தது. சன்னதித் தெரு முனைவரை போய் வந்தோம்.

உட்கார்ந்து எழுதுகிறேன், எழுத்து வரியை விட்டு ஓடுகிறது. சந்தோஷத்தில்தான்.

ஆவணி 25, செவ்வாய்

கிழக்கு வீதி முழுதும் போனோம். மதி வீட்டுக்கு வந்து சொம்புத் தண்ணீர் முழுவதையும் குடித்துவிட்டுச் சொன்னான்: "அண்ணே, அவங்களுக்கு நம்ம நடை புடிபடல. தெருமுனையிலயே பின்தங்கிட்டாங்க."

குரல்களைத்தான் சொல்கிறான். பெருமாளே, சாமியைத் தூக்கி நடந்த நாளில் என் கால் இப்படி ஒரு வேலை செய்யும் என்று எனக்குத் தெரியாமல் போயிற்றே.

புரட்டாசி 5, சனி

முதல் சனிக்கிழமை. கோயில் வாசலில் ஏகக் கூட்டம். நான் வேண்டாம் என்றேன். மதிதான் மூங்கிலை எடுத்தான்.

வடக்கு வீதியில் டீக்கடை சீனு எங்களைப் பார்த்துச் சத்தம் போட்டான். "என்ன கலியபெருமாளண்ணே, வாரை இருக்கு, ஆளு இருக்கு, சாமி எங்க? கீழ போட்டுட்டீங்களா?"

கடையில் இருந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். மதி நின்றுவிடுவான் என்று நினைத்தேன். பின்னாலிருந்து அவன் குரல் வந்தது.

"சாமிக்குச் சக்கர இருக்கு சீனு. அதான் நடக்க வுட்டுருக்கோம்."

சீனு இன்னும் சிரித்துக்கொண்டிருப்பான்.

புரட்டாசி 11, வெள்ளி

டாக்டர் மறுபடியும் இடுப்பை அளந்தார். டேப்பில் அளவு குறைந்திருக்கிறது! எடையும் இறங்கியிருக்கிறது. என்ன செய்தீர்கள் என்று கேட்டார். மூங்கிலைப் பற்றிச் சொன்னேன். பேனாவை மூடி வைத்துவிட்டு, முதலிலிருந்து இன்னொரு தடவை சொல்லச் சொன்னார்.

பிறகு அவர் காதில் வைக்கும் குழாயை என் காதில் மாட்டி, அதன் வட்டத்தை மதியின் நெஞ்சில் வைத்தார். நான் கேட்டேன். லப், டப். லப், டப். நெரிசலான வீதியில் பல்லக்கோடு போகும் கால்களின் சத்தம் அது. மதி தூங்கும்போதும் போகிறது. குரல்கள் அவனைத் திட்டிய ராத்திரிகளிலும் இது இப்படியே போய்க்கொண்டுதான் இருந்திருக்கிறது, ஒரு நாள்கூடத் தோள் மாற்றாமல்.

"ஒங்க நெஞ்சையும் ஒருநாள் பாத்துடலாம் பெரியவரே" என்றார் டாக்டர்.

ஆகட்டும் என்றேன். எனக்கு என்ன? வடக்கு வீதி மேட்டில் கொஞ்சம் மூச்சு வாங்கும், அவ்வளவுதான்.

புரட்டாசி 21, திங்கள்

இன்று எழுத முடியவில்லை.

புரட்டாசி 25, வெள்ளி

பெரிய ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து எழுதுகிறேன். மதி உள்ளே இருக்கிறான். உயிரோடு இருக்கிறான். இதை முதலில் எழுதிவிட்டேன்.

திங்கட்கிழமை காலை வடக்கு வீதியில் போய்க்கொண்டிருந்தோம். சீனு கடைக்குப் பக்கத்தில் வாரையில் இரண்டு தட்டு விழுந்தது. அவன் இதுவரை தட்டியதே இல்லை. இறக்கினேன். மதி பிளாட்பாரத்தில் உட்கார்ந்தான். முகமெல்லாம் வியர்வை.

"அண்ணே, நெஞ்சு மேல ஒருத்தன் ஏறி உக்காந்துருக்கான். எறங்க மாட்டங்கறான்."

சீனு ஓடிவந்து பார்த்தான். "ஐயோ பாவம், பழைய பேச்சு ஆரம்பிச்சிருச்சே. வீட்டுக்கு இட்டுட்டுப் போயி மாத்திரையக் குடுங்கண்ணே."

சீனுவைக் குறை சொல்ல மாட்டேன். எனக்கும் அதுதான் தோன்றியது. சுவருக்குள் ஒருத்தன், மின்விசிறி மேல் ஒருத்தன், கிணற்றுக்குள் ஒருத்தன் என்று மதி எத்தனையோ பேரைச் சொல்லியிருக்கிறான். நெஞ்சு மேல் ஒருத்தன் என்றால் அவனும் அந்தக் கூட்டத்தில் ஒருத்தன்தானே? யாரோ சொல்லித் தையல்நாயகி ஓடிவந்தாள். அவளும், "வெய்யில்ல நடக்க வுட்டு மறுபடியும் கெளப்பி வுட்டுட்டீங்களே" என்று என்னைத் திட்டினாள். நானும் அவளும் ஆளுக்கொரு கையைப் பிடித்து வீட்டுக்குப் போகத் தூக்கினோம்.

மதி எங்களோடு வாதாடவில்லை. வாதாடி என்ன பயன் என்று அவனுக்குத் தெரியும். அவன் சொல்வதை யார் நம்பியிருக்கிறார்கள்? கையை உருவிக்கொண்டு, தரையில் கிடந்த மூங்கிலில் மறுபடியும் இரண்டு தட்டுத் தட்டினான்.

வாரையை இறக்கியாகிவிட்டது. ஆனால் சுமை இறங்கவில்லை என்கிறான். இரண்டு தட்டு தட்டியவனிடம் எந்தச் சீர்பாதக்காரனும் விளக்கம் கேட்டதில்லை. குடிகாரன் தட்டினாலும் இறக்கியிருக்கிறோம். சோம்பேறி தட்டினாலும் இறக்கியிருக்கிறோம். என் தம்பி தட்டினால் மட்டும் நான் கேள்வி கேட்பேனா?

"சீனு, ஆட்டோவக் கூப்புடு."

"வீட்டுக்காண்ணே?"

"ஆஸ்பத்திரிக்கு."

"தம்பிக்கு ஒண்ணும் இல்லங்க" என்று தையல்நாயகி அழுதாள்.

"இல்லன்னா அங்க வந்து இல்லன்னு சொல்லட்டும். ஏறு."

பெரிய ஆஸ்பத்திரி தூரம் என்று முதலில் பக்கத்துக் கிளினிக்குக்குப் போனோம். அங்கே ஒரு சின்ன வயது டாக்டர் இருந்தார். மதி அவரிடமும், "ஒருத்தன் உக்காந்துருக்கான்" என்றுதான் சொன்னான். மாத்திரைச் சீட்டைப் பார்த்துவிட்டு டாக்டர் என் பக்கம் திரும்பினார். "எவ்வளவு நாளா இப்படிச் சொல்றாரு?"

"முப்பது வருஷமா செவுத்துல, கெணத்துலன்னு சொல்றான். நெஞ்சுலன்னு சொல்றது இன்னிக்குத்தான் தம்பி."

அவர் அதற்கு மேல் கேட்கவில்லை. நல்ல பிள்ளை. நெஞ்சில் வயர்களை ஒட்டினார். மிஷினிலிருந்து கோடு போட்ட தாள் வந்தது. அதைப் பார்த்ததும் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். மதியின் வாயில் மாத்திரைகளைப் போட்டு மென்று விழுங்கச் சொன்னார். ஆம்புலன்ஸுக்கு அவரே போன் செய்தார்.

நெஞ்சு மேல் உண்மையிலேயே ஒருத்தன் உட்கார்ந்திருந்தான். இதயத்துக்குப் போகும் குழாய் ஒன்று அடைத்துக்கொண்டிருந்தது. இந்தப் பெரிய ஆஸ்பத்திரிக்கு வந்ததும் மணிக்கட்டில் ஒரு ஊசித் துளை போட்டு, அது வழியாகவே இதயம்வரை போய், அடைப்பை நீக்கி, சின்ன வலைக்குழாய் ஒன்றை வைத்தார்களாம். மணிக்கட்டு வழியாக! நான் என் மணிக்கட்டைத் தடவித் தடவிப் பார்க்கிறேன். இங்கிருந்து அங்கே போக வழி இருக்கிறது என்று யார் முதலில் நினைத்தார்கள்?

புரட்டாசி 28, திங்கள்

இன்று திரையில் மதியின் இதயத்தைக் காட்டினார்கள். இருட்டான அறை. சாம்பல் நிறத்தில் ஏதோ அசைந்தது. ஒரு நர்ஸ் அம்மா விரலை வைத்துக் காட்டினார். ஒரு கதவு திறக்கிறது, மூடுகிறது. திறக்கிறது, மூடுகிறது. யாரும் தள்ளவில்லை. ஒரு பக்கம் மட்டும் கொஞ்சம் சோர்வாக அசைகிறது. அடிபட்ட இடமாம். நடந்திருந்ததால் உடம்பு தாங்கியது, சீக்கிரம் வந்ததால் இவ்வளவோடு போயிற்று என்று டாக்டர் சொன்னார்.

நான் கையெடுத்துக் கும்பிட்டேன். தோளில் எத்தனையோ வருடம் சாமியைச் சுமந்திருக்கிறேன். சன்னதியில் திரை போட்டிருக்கும்போதும் பார்த்திருக்கிறேன், திரை விலகும்போதும் பார்த்திருக்கிறேன். இப்படி நின்றதில்லை.

"அண்ணே, அது என்னுது. எனக்குக் காட்டாம நீயே பாக்கற" என்றான் மதி.

ஐப்பசி 5, செவ்வாய்

வீட்டுக்கு வந்துவிட்டோம். மாத்திரைகள் நிறைய. எது எப்போது என்று உறைகளின் மேல் நான்தான் எழுதினேன். காலை, மதியம், இரவு.

பீடி முழுதாக நின்றது. குரல்கள் கேட்கின்றனவா என்று கேட்டேன். "கேக்குது. பீடி குடுன்னுதான் கேக்குது. அவங்களுக்கும் பழக்கம் போவணுமில்ல" என்றான்.

ஐப்பசி 14, வியாழன்

தீபாவளி. அதிரசம் ஆளுக்குப் பாதி.

ஐப்பசி 20, புதன்

டாக்டர் பர்வீன் மதியைப் பார்த்தார். மறுபடியும் நடக்க ஆரம்பிக்கச் சொன்னார். மெதுவாக, பிறகு கொஞ்சம் கூட்டி. நடைதான் இனிமேல் மருந்து என்றார்.

நான் மூங்கிலைக் கொல்லையில் விறகுக்குப் பின்னால் போட்டுவிட்டேன். மழைக்காலம். தெருவெல்லாம் சேறு.

ஐப்பசி 26, செவ்வாய்

இன்று மழை இல்லை. மதி வாசலுக்கு வந்து என்னைப் பார்த்தான். நாளைக்குப் பார்க்கலாம் என்றேன்.

தையல்நாயகி சொன்னாள்: "நெஞ்சு தம்பிக்கு. பயம் ஒங்களுக்கா?"

"ஒண்ணு ஆச்சுன்னா?"

"நீங்க இருக்கற வரைக்கும் வீட்லயே பொத்திப் பொத்தி வச்சுக்கலாம். அப்பறம்?"

இன்று 'ஞ' எழுதிப் பழகினேன். ஒரு பக்கம் முழுக்க.

கார்த்திகை 3, திங்கள்

காலையில் எழுந்தபோது மதியின் படுக்கை காலியாக இருந்தது. கொல்லையில் சத்தம். விறகுக்குப் பின்னாலிருந்து மூங்கிலை இழுத்துக்கொண்டிருந்தான். சேற்றைக் கழுவி, துடைத்து, வாசலுக்குக் கொண்டுவந்தான். துண்டைச் சுருட்டித் தன் தோளில் வைத்துக்கொண்டான். இன்னொன்றைச் சுருட்டி என் தோளில் வைத்தான். நான் வழக்கம்போல் முன்னால் போய் நின்றேன்.

"அண்ணே, பின்னால போ."

"என்னடா சொல்ற? முன்னால போனா எல்லாரையும் பாக்கணும்டா."

"தெரியும். பின்னால போ."

போனேன். வேறு என்ன செய்ய?

அவன் மூங்கிலைத் தூக்கியதும் எனக்கு முன்னால் அவனுடைய பின்கழுத்து. குழந்தையாக இருந்தபோது நான் எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டிய கழுத்து. நரை வந்திருக்கிறது. இரண்டு மடிப்பு இருந்த இடத்தில் இப்போது ஒன்றுதான். வாசல் தாண்டினோம். எனக்குத் தெரு தெரியவில்லை. யார் வருகிறார்கள், யார் பார்க்கிறார்கள் என்று ஒன்றும் தெரியவில்லை. அத்தனை முகங்களும் அவனுக்கு வந்துகொண்டிருந்தன. வாரை ஒரு தடவை நடுங்கியது. நின்றுவிடுவான் என்று நினைத்தேன். நிற்கவில்லை.

கோலம் போடும் சத்தம் கேட்டது. ஒரு பெண் குரல். "யாரு, மதியா? ஒடம்பு தேவலையாப்பா?"

அந்தக் கழுத்து லேசாக அசைந்தது. "தேவலக்கா" என்றான். நடந்துகொண்டே சொன்னான்.

வடக்கு வீதி மேட்டில் என்னை அறியாமல் நடை தளர்ந்தது. அவன் திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் அவன் நடையும் தளர்ந்தது. "மூச்சு வாங்குற. நாளைக்கு டாக்டர்கிட்ட நீதான் மொத ஆளு" என்றது கழுத்து.

வீதி முடியும் இடத்தில் வலப்பக்கம் திரும்பினால் வீடு. பல்லக்கும் அங்கேதான் திரும்பும். நான்கு வீதிக்கு வெளியே சாமி ஒரு நாளும் போனதில்லை, வாரையோடு நானும் போனதில்லை. மதி கொஞ்ச நேரம் நின்றான். இந்தப் பக்கம் பார்த்தான், அந்தப் பக்கம் பார்த்தான். பிறகு இடப்பக்கம் ஆற்றுப் பாலத்தை நோக்கித் திரும்பினான்.

நானும் திரும்பினேன்.